காலண்டர் தாளில் மடித்த நாலு போல்ட்

எங்கள் பக்கத்து வீட்டு பாய்க்கு ஏணி இரவல் கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்போது எடுத்த இடத்தில், எடுத்த பக்கமாக, எந்தக் கால் சுவரை ஒட்டி இருந்ததோ அதே கால் ஒட்டும்படி வைப்பார். ஒருமுறை வைத்துவிட்டுப் போனவர் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "சார், ஏணி மேல ஒரு துணி கிளிப்பு மாட்டிக்கினு இருந்திச்சி. எங்க வூட்ல உழுந்து கெடந்துது, இந்தாங்க" என்று கொடுத்தார். உடைந்த கிளிப்பு அது. குப்பையில் போட வேண்டியது. அவர் கண் முன்னால் போட மனம் வராமல் மறுபடியும் ஏணியிலேயே மாட்டி வைத்தேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் தைரியம் போதவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாத்திரமும் பிளாஸ்டிக் சாமானும் விற்றுக்கொண்டிருந்தார். இப்போது கடையைத் தம்பிக்கு விட்டுவிட்டு உளுந்தூர்பேட்டையில் மச்சினர் வீட்டோடு இருக்கிறார். இங்கே அவரைப் பற்றி ஒரு பேச்சு நிற்கிறது. வீட்டிலேயே வண்டியைப் பிரித்து, அரைகுறையாக மாட்டி, அடுத்தவன் பிள்ளையை ஏற்றிக்கொண்டு மலையில் கொண்டுபோய்ச் சாய்த்தவர் என்று. அந்த அடுத்தவன் நான். அந்தப் பேச்சு பொய் என்று தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

வண்டியின் கம்பெனிப் பெயர் எதற்கு? ஏழு பேர் தாராளமாக உட்காருகிற, கட்சிக்காரர்கள் ஒரு காலத்தில் கொடி கட்டி ஓட்டின பெரிய டீசல் வண்டி. கல்வராயன் மலைமேல் ஒரு கான்ட்ராக்டர் வீட்டில் புளியமரத்தடியில் மூன்று வருஷமாக நின்றுகொண்டிருந்தது. லாரியில் ஏற்றி வந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் தகரக் கொட்டகை போட்டு இறக்கினார்கள். கதவைத் திறந்ததும் இரண்டு எலிகள் ஓடின. பாயின் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்த வூட்ல இனிமே நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மா சொன்னதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம்.

முதலில் ஒரு மெக்கானிக்கைத்தான் வீட்டுக்கு வரவழைத்தார். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றி முடித்துக் கை துடைக்கும்போது தரையில் இரண்டு நட்டு மிச்சம் கிடந்தது. மெக்கானிக் அவற்றை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"அது இன்னாது?" என்றார் பாய்.

"ஒன்னுமில்ல பாய். எக்ஸ்ட்ரா. கம்பெனில ஜாஸ்தியா போட்டு உட்ருப்பான்."

"கம்பெனிக்காரன் இன்னா உனுக்கு மாமனாரா, ஜாஸ்தியா போட்டுக் குடுக்க? எறக்கு."

"எறக்கினா ஒரு நாள் ஆவும் பாய்."

"ஆவட்டும். மிச்சம்னு ஒன்னு கெடையாதுப்பா. மறந்ததுன்னுதான் ஒன்னு இருக்குது."

மெக்கானிக் இறக்கவில்லை, கோபித்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கே பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். போனில் இந்திக்காரர்கள் வண்டி பிரிக்கிற வீடியோக்களைப் போட்டுப் பார்ப்பார். வீட்டில் உருது பேசுகிறவர், அதனால் அவருக்கு அது புரிந்தது. கடையைச் சாத்திவிட்டு வந்து தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம். துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்துத் தகடு வைத்து, பட்டி பார்த்து, கரும்பச்சை பெயின்ட் அடித்தார். சீட்டுகளைக் கழற்றி உறை மாற்றினார். பின்னால் பார்க்க கேமரா, முன்னால் டிவி மாதிரி ஒரு திரை, பின்சீட்டுக்கும் காற்று வருகிற மாதிரி குழாய். இதெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கை வைத்தது அதில்தான். அவர் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும், நகைக்கடையில் சும்மா கொடுப்பது. அன்றன்றைக்குக் கழற்றுகிற நட்டு போல்ட்டுகளை அன்றைய தாளைக் கிழித்து அதிலேயே மடித்து வைப்பார். எந்தச் சாமான், எந்தப் பக்கம் என்று தாளின் மேல் உருதுவில் எழுதுவார். எத்தனை என்பதை மட்டும் எண்ணில் போடுவார். பொட்டலங்களைத் தேதி வாரியாகப் பிஸ்கட் டின்களில் அடுக்குவார். கடைசியில் கழற்றினதை முதலில் மாட்ட வேண்டும், முதலில் கழற்றினதைக் கடைசியில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. நல்ல நேரம், எமகண்டம் எல்லாம் அச்சடித்த தாளில் மடித்து வைக்கிறீர்களே என்று ஒருநாள் சீண்டினேன். "எனுக்குத் தேதி போதும் சார். மீதிய நீங்க பாத்துக்குங்க" என்று சிரித்தார். நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

அந்த ஒரு வருஷத்தில் ஒரு பொட்டலம்கூட எண்ணிக்கை தப்பவில்லை. எண்ணி வைத்துவிட்டால் பிறகு அவர் சந்தேகப்படுவதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தண்ணீர் மோட்டாரின் அடிப்பலகையில் ஒரு போல்ட் உடைந்து, மோட்டார் ஒரு பக்கமாக எம்பிக் குதித்தது. களமருதூரிலிருந்து என் அண்ணன் குடும்பம் எட்டுப் பேராக வந்திருந்த நாள். டேங்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கடைகள் சாத்தியிருந்தன. பாய் குடும்பத்தோடு விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சந்தில் டின்கள் இருந்தன. எத்தனையோ நூறு போல்ட். கையில் அகப்பட்ட பொட்டலத்தைப் பிரித்தேன். பெரிசு இரண்டு, சின்னது இரண்டு. சின்னது ஒன்று எங்கள் மோட்டாருக்கு அளவெடுத்த மாதிரி இறங்கியது. தண்ணீர் ஏறியது. ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டோம்.

அப்போதுகூட நான் திருடினதாக நினைக்கவில்லை. மறுநாள் ஹார்டுவேர் கடையில் அதே நீளம், அதே கனத்தில் ஒரு போல்ட் வாங்கினேன். அதை மோட்டாருக்குப் போட்டுவிட்டு அவருடையதைப் பொட்டலத்திலேயே வைத்திருக்கலாம். குனிந்து மோட்டாரைப் பிரிக்கச் சோம்பலாக இருந்தது. புதுசு பளபளத்துக் காட்டிக் கொடுக்கும் என்று கழிவு ஆயிலில் தோய்த்து மண்ணில் புரட்டினேன். பொட்டலத்தில் போட்டு மடித்து, தேதி பார்த்து அதே இடத்தில் செருகினேன். அவர் ஏணி வைப்பது மாதிரி கச்சிதமாக வைத்தேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

மூன்று மாதம் போயிற்று. வண்டி எல்லாம் முடிந்து சக்கரங்கள் மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவதாக ஏற்பாடு. என் மனைவி, மகள் ஜெனி, நான் எல்லாரும் உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் பாய் கூப்பிட்டார். "சார், சும்மா இருந்தா கொஞ்சம் வாங்க. எடுத்துக் குடுக்க ஆளில்ல."

அவர் முன்பக்க இடது சக்கரத்துக்கு எதிரே மணையில் உட்கார்ந்திருந்தார். நான் பொட்டலத்தைப் பிரித்து, போல்ட்டுகளை டீசலில் கழுவி, ஒவ்வொன்றாக நீட்டினால் போதும். தாளைப் பிரித்ததும் தேதியைப் பார்த்தேன், அன்றைக்கு நான் பிரித்த அதே பொட்டலம். பெரிசு இரண்டு, சின்னது இரண்டு. டீசலில் அலசினதும் மண் கரைந்தது. மூன்று போல்ட்டின் தலையில் இரும்பின் பலத்தைக் காட்டுகிற எண் பொறித்திருந்தது. நாலாவது மொட்டையாக இருந்தது.

"இது இன்னா பார்ட்டு பாய்?" என்று கேட்டேன்.

"பிரேக்கு சார்." சக்கரத்துத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற இரும்புப் பிடியைக் கையில் தூக்கிக் காட்டினார். "இதான் வண்டிக்கே உசுரு. நாலும் சரியா இருக்குதா?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதே நேரம் அவர் மனைவி டீயோடு வந்து நின்றார். அந்த அம்மா முன்னால், "உங்கள் வீட்டில் ஆளில்லாதபோது புகுந்து எடுத்தேன்" என்று எப்படிச் சொல்வது? நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

"நாலும் சரியா இருக்குது பாய்" என்றேன்.

அவர் சக்கரத்தைப் பார்த்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினார். மொட்டைத் தலையை அந்த உள்ளங்கையில் வைத்தேன். நான் கொடுத்ததைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று இன்னொரு ஆள் சொல்லி அவர் ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அன்று மோட்டாரிலிருந்து அவருடைய பழைய போல்ட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்பியைக் கட்டிவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவர் தொழுகை முடிந்து நேராகக் கடைக்குப் போய்விட்டார், கடையில் கூட்டம். இரண்டு தடவை கடை வாசல் வரை போனேன். ஒரு பக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சனிக்கிழமை காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை எனக்கு ஆபீசில் முகாம், எட்டு மணிக்கே போக வேண்டியதாயிற்று. சாயங்காலம் சொல்லலாம் என்று தள்ளினேன். சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பதினோரு மணிக்கு என் மனைவி போன் செய்தாள். "ஏங்க, நாளைக்கு எல்லாரும் போறதுக்கு முன்னாடி ஒரு தபா ஓட்டிப் பாக்கணும்னு பாய் வண்டிய எடுத்துக்கினு மலைக்குப் போயிருக்காரு. அக்காவும் போயிருக்காங்க. நம்ம ஜெனி அழுது அடம் புடிச்சிக்கினு கூடப் போயிட்டா."

பாய்க்குப் போன் போட்டேன். மலையில் சிக்னல் எங்கே கிடைக்கிறது? திரும்பத் திரும்பப் போட்டேன். யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்தேன்.

வடக்கனந்தல் தாண்டுகிற வரைக்கும் கரும்பு லாரிகள். ஒவ்வொன்றையும் முந்தும்போது என் பெண்ணுக்கு ஒன்பது வயது, ஒன்பது வயது என்று மட்டும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கோமுகி அணையைக் கடந்து மலை ஏற ஆரம்பித்ததும், ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்துப் பக்கம்தான் கண் போயிற்று. உடைந்த தடுப்புச் சுவர், நசுங்கின செடி, கரும்பச்சை. மலை முழுக்கக் கரும்பச்சையாகத்தான் இருந்தது. ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை, இறங்கும்போதுதான். அவர்கள் இன்னும் இறங்கியிருக்கக் கூடாது என்று ஜெபம் செய்தேன். மேலே போய் அருவியில் குளித்துக்கொண்டு இருக்கட்டும், இன்னும் ஒரு மணி நேரம் குளிக்கட்டும் என்று.

எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தது. குறுக்கே நிறுத்திக் கையை ஆட்டினேன். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார்.

"அண்ணே, பச்ச கலர்ல பெரிய வண்டி ஒன்னு பாத்தீங்களா?"

"ரெண்டு வளைவு மேல நிக்குது. மலப்பக்கம் சாஞ்சிட்டு நிக்குது."

"ஆளுங்க?"

"ரோட்ல உக்காந்துக்கினு இருக்காங்க."

"எத்தன பேரு?"

"அத்த எண்ணிக்கினா இருப்பாங்க? வழிய உடுப்பா."

அந்த இரண்டு வளைவையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மூன்று பேர் இருந்தார்கள். பாயின் மனைவி மடியில் ஜெனி. நெற்றியில் துப்பட்டாவை மடித்துக் கட்டியிருந்தது, துணி நனைந்து சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அப்பா, பாய் மாமா ஸ்டியரிங்க சூப்பரா ஒடிச்சாரு" என்றாள்.

இறங்கும்போது இடது சக்கரத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்டிருக்கிறது. வண்டியை ஓரம் கட்டலாம் என்று மிதித்தபோது பிரேக் பிடி ஒரு பக்கம் கழன்று சக்கரத்தில் அடித்து, ஆயில் குழாயைப் பிய்த்துவிட்டது. மிதித்தால் காலுக்கு ஒன்றும் தட்டவில்லை. எதிரே பள்ளம். பாய் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் தேய்த்து நிறுத்தியிருக்கிறார். ஒரு வருஷம் இழைத்துப் பூசின வண்டியின் பக்கம் முழுக்கக் கிழிந்து தகடு தெரிந்தது.

அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். "சார், மன்னிச்சிடுங்க. நான்தான் சரியா மாட்டல. உங்க கொழந்தைய ஏத்திக்கினு வந்து... அல்லா காப்பாத்துனான். நான் கொன்னுருப்பேன் சார்."

அவர் பிடியை விட்டதும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. போல்ட் அங்கே இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். என் மகளின் நெற்றியைப் பார்த்தேன், அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"பரவால்ல பாய், உடுங்க" என்றேன்.

என்னை மன்னிக்க வேண்டியவரை நான் மன்னித்துவிட்டு வந்தேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் நடந்துகொள்ள முடியுமா என்று கேட்டால், முடியும். அதையும் செய்தேன்.

ஜெனிக்கு மூன்று தையல். பாய் தினமும் ஆப்பிளோடு வந்து வாசலிலேயே நிற்பார், உள்ளே வர மாட்டார். நாலாவது நாள் என்னைக் கேட்டார். "சார், ஒரு போல்ட்டு ஒடஞ்சிருக்குது, தல மட்டும் ரோட்ல எங்கியோ உழுந்திருக்குது. அத்தப் பாத்தாத்தான் நான் இன்னா தப்பு பண்ணன்னு தெரியும். நாளைக்குப் போயித் தேடலாம், வர்றீங்களா?"

போனேன். போகாமல் இருந்தால் அவர் தனியாகக் கண்டுபிடித்துவிடுவாரே. பஸ்ஸில் ஏறி மேலே இறங்கி, வெயிலில், அவர் சாலையின் மலைப்பக்கமும் நான் பள்ளத்துப் பக்கமும் குனிந்து பார்த்துக்கொண்டே இறங்கினோம். அவர் கிடைக்க வேண்டும் என்று தேடினார். நான் கிடைக்கக் கூடாது என்று தேடினேன். வண்டி நின்ற இடத்துக்கு ஒரு வளைவு மேலே, தார் ஓரத்து ஜல்லியில் அது கிடந்தது. சின்னதாக, மொட்டையாக. எண் இல்லாத அந்தத் தலையைப் பார்த்த அடுத்த நொடியே பாய்க்கு விளங்கிவிடும், இது வண்டியோடு வந்த போல்ட் இல்லை என்று.

"இன்னா சார், நின்னுட்டீங்க?" என்றார் எதிர்ப்பக்கத்திலிருந்து.

"செருப்புல கல்லு பாய்" என்றேன். காலை உதறுகிற மாதிரி அதைப் பள்ளத்தில் தள்ளிவிட்டேன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் வரை தேடினார். கடைசியில் மைல்கல்லில் உட்கார்ந்து, "முறுக்கு ஜாஸ்தி வச்சிட்டேன் போல சார். என் கைக்கு அளவு தெரியல" என்றார். அதற்குப் பிறகு அவர் ஸ்பேனரைத் தொட்டு நான் பார்க்கவில்லை. கடையில் ஒரு பாத்திரத்தைக் கட்டிக் கொடுத்தாலும் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். மிச்சச் சில்லறையைக்கூடத் தம்பியை எண்ணச் சொல்லுவார். நாங்கள் கொடுத்த ஏணியை எந்தப் பக்கமாக வைத்திருந்தோம் என்று என்னிடமே கேட்டார் ஒருநாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குள் போய் அழுதேன். அழுதுவிட்டுப் போய்ச் சொன்னேனா என்றால், இல்லை.

ஈஸ்டருக்கு முன்னால் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் எங்கள் கோயில் சாமியாரிடம் சொன்னேன். ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். மன்னிப்பும் கிடைத்தது. சாமியாருக்கு என்ன, அவருடைய பிரேக்கா கழன்றது? பழைய போல்ட்டை மறுபடியும் மோட்டாரில் மாட்டிவிட்டேன். தண்ணீர் நன்றாக ஏறுகிறது.

வண்டியைத் திரும்பச் சரிசெய்து விற்றார்கள், வேறொரு பட்டறையில் விட்டு. வாங்க வந்தவர் சின்னசேலம் பக்கத்து விவசாயி. சுற்றிச் சுற்றி வந்து சீட்டைத் தட்டினார், திரையைப் போட்டுப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். "வண்டில குறை எதனா இருந்தா சொல்லிடுங்க பாய்" என்றார்.

"வண்டி நல்ல வண்டிங்க" என்றார் பாய். "ஒரு தபா மலையில பிரேக்கு கழண்டுகிச்சி. மறைக்கக் கூடாதுல்ல. வண்டி மேல தப்பு இல்ல, மாட்டுனவன் சரியில்ல."

"எந்த மெக்கானிக்கு மாட்டுனது?"

"நான்தான்."

விவசாயி சிரித்தார். வியாபாரத்தில் இப்படிப் பேசுகிற ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார். விளையாட்டு என்று நினைத்து என் பக்கம் திரும்பினார்.

"சாரையே கேளுங்க" என்றார் பாய். "அன்னிக்கு அவர்தான் பக்கத்துல உக்காந்து எடுத்துக் குடுத்தாரு. நாலும் கரீட்டா பாத்துப் பாத்துக் குடுத்தாரு. நான்தான் கெடுத்துட்டேன். இல்லீங்களா சார்?"

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றேன்.